மூன்றாம் எண் ஜன்னலின் சமூகத்துக்கு

பெருமதிப்பிற்கும் பேரச்சத்திற்கும் உரிய மூன்றாம் எண் ஜன்னல் அவர்களுக்கு,

திருமழிசையிலிருந்து ஒரு மனுதாரன் எழுதிக்கொள்வது. இங்கு நலம். தங்கள் கண்ணாடியின் நலமும், அதில் அரைவட்டமாக வெட்டிய துவாரத்தின் நலமும், சணல் கயிற்றில் கட்டிப்போட்டிருக்கும் பேனாவின் நலமும் அறிய ஆவல். தங்கள் அலுவலகத்தின் பெயரை நான் எழுதவில்லை. "இன்னும் கையெழுத்து வாங்கல, பேரப் போட்டுத் தொலைக்காதீங்க" என்று வீட்டில் உத்தரவு. அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. இதைப் படிக்கிறவர்கள் ஆளுக்கொரு மூன்றாம் எண் ஜன்னலில் குனிந்து நின்றவர்கள்தான், அவரவர் ஜன்னலை நினைத்துக்கொள்வார்கள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தாங்கள் எனக்கு அருளியதை நினைத்தால் இன்னும் மெய்சிலிர்க்கிறது. என் பிறப்புச் சான்றில் ஊர்ப் பெயரின் நடுவில் ஆங்கில 'எல்' இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அதே இடத்தில் 'இசட் எச்'. 1988இல் பதிந்த குமாஸ்தாவுக்கு ழ என்றால் எல், பாஸ்போர்ட் கணினிக்கு ழ என்றால் இசட் எச். தாங்கள் இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்து, மரஸ்கேலை எழுத்தெழுத்தாக நகர்த்தி, நகர்த்திய இடத்தில் விரலை ஊன்றி, "இது வேற ஊரு, அது வேற ஊரு" என்றீர்கள். ஒரே ஊர்தான் சார், திருமழிசை என்றேன். "அதான், எந்தத் திருமளிசைன்னு கேக்கறேன்." தங்கள் திருவாயில் ழகரம் ளகரமாக வந்தபோது ஊர் மூன்றாகிவிட்டது.

சாட்சிக்கு இருக்கட்டும் என்று அம்மாவை அழைத்து வந்திருந்தேன். 71 வயது, முட்டியில் வலி. துவாரத்துக்கு வாய் எட்ட வேண்டும் என்பதற்காகப் பாதி குனிந்து நின்றாள். தாங்கள் அவளைப் பார்த்துக் கேட்டீர்கள்: "ஏம்மா, இவர எந்த ஊர்ல பெத்தீங்கன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

அம்மா சொன்னாள்: "எழுத்து பாத்துப் பெக்கல சார். வலி வந்துது, பெத்தேன்."

வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். தாங்கள் சிரிக்கவில்லை. கடமையில் இருப்பவர் சிரிப்பாரா? "ரெண்டும் ஒண்ணுதான்னு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. நெக்ஸ்ட்."

அன்று முதல் இந்த 'ரெண்டும்-ஒண்ணு' சான்றைத் தேடித்தான் அலைகிறேன். இரண்டு பெயரில் இருக்கும் ஒரே ஆளுக்குச் சான்று உண்டு, ஊரறியும். ஊருக்கு? இன்னொரு மேசையில் இருந்தவர் நியாயமாகவே கேட்டார்: "ஆளுன்னா வந்து கையெழுத்து போடும். ஊரு வந்து போடுமா?" வெளியே ஜெராக்ஸ் கடைத் தம்பிக்குச் சட்டம் எல்லாரையும்விட நன்றாகத் தெரிகிறது. அபிடவிட் ஒன்று போட்டுப் பார்க்கலாம் அண்ணா என்றான். முன்பு 20 ரூபாய்ப் பத்திரம், இப்போது 200. "ஆனா ஊருக்காக நீங்க எப்படி சத்தியம் பண்ணுவீங்க?" என்று அவனே யோசித்து, அவனே பத்திரத்தை உள்ளே வைத்துவிட்டான்.

எதற்கு இந்தப் பாடு என்று தாங்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்லிவிடுகிறேன். திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டையில் பதினாலு வருஷம் கருவி வடிவமைத்தவனுக்கு நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் வேலை கிடைத்திருக்கிறது. அந்த நாட்டு அனுமதி இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பாஸ்போர்ட்டில் நுழைவு விசாவை ஒட்டிக்கொள்ள வேண்டும். அங்கே போய் இறங்கியதும் நகராட்சியில் பெயர் பதிய வேண்டும். பதியப் பிறப்புச் சான்று வேண்டும். அதன் முதுகில் நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் வில்லை வேண்டும். வில்லைக்கான கட்டணம் 50 ரூபாய்தான். அதற்கு முன் மாநிலத்தில் ஒரு சரிபார்ப்பு. அதற்கும் முன், தாங்கள்.

(ஐந்தோவனிலிருந்து வந்த கடிதத்தில் 'அன்புள்ள திரு' போட்டு என் அப்பா பெயரை எழுதியிருந்தார்கள். இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்ட வினை. அப்பா இருந்திருந்தால் எழுந்து சட்டை மாட்டியிருப்பார். அந்த வழக்கை இன்னொரு ஜன்னலுக்கு வைத்திருக்கிறேன்.)

இந்த அப்போஸ்டில் ஒப்பந்தம் 1961 அக்டோபர் 5 அன்று எழுதப்பட்டது. எழுதிய ஊர் ஹேக், அதே நெதர்லாந்துதான். அதன் முழுப் பெயரைத் தமிழில் சொன்னால், வெளிநாட்டு அரசு ஆவணங்களுக்குச் சான்றொப்பம் கேட்பதை ஒழிக்கும் ஒப்பந்தம் என்று வருகிறது. ஒழிக்கும்! இந்தியாவில் 2005 முதல் நடப்பில் இருக்கிறது. முத்திரைகளை ஒழிக்க வந்த அந்த ஒற்றை முத்திரையை அடைய இன்னும் எத்தனை முத்திரை வாங்க வேண்டும் என்று விரல்விட்டு எண்ணினேன். ஒரு கை தீர்ந்ததும் நிறுத்திவிட்டேன்.

தங்கள் கண்டிப்பைக் குறைசொல்ல நான் யார்? எங்கள் ஊரின் பழைய கோப்புகளைப் புரட்டினாலே தாங்கள் இல்லாத குறை பளிச்சென்று தெரியும். திருமழிசை ஆழ்வாரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த இடம்: பிரம்புப் புதர். தகப்பனார்: பார்க்கவ முனிவர். வளர்த்தவர்: பிரம்பறுக்க வந்த திருவாளன். பெயர் ஓரிடத்தில் பக்திசாரர், ஓரிடத்தில் திருமழிசைப்பிரான். ரெண்டும்-ஒண்ணு கிடையாது. அன்று தாங்கள் இருந்திருந்தால் ஆழ்வார்கள் கணக்கு பதினொன்றோடு நின்றிருக்கும்.

காஞ்சிபுரத்தில் நடந்தது அதைவிட மோசம். ஆழ்வாரின் சீடர் கணிகண்ணரைப் பல்லவ ராஜா ஊரைவிட்டுப் போகச் சொன்னான். சீடன் போகிற ஊரில் எனக்கென்ன வேலை என்று ஆழ்வாரும் கிளம்பினார். கிளம்புகிறவர் சும்மா போகாமல் திருவெஃகாப் பெருமாளிடம், நீரும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வாரும் என்றார். பெருமாள் மறுபேச்சில்லாமல் ஆதிசேஷனைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயரே வந்துவிட்டது. போலீஸ் சான்று இல்லை, அப்போஸ்டில் இல்லை, பாம்பை எல்லை தாண்டிக் கொண்டுபோக வனத்துறை அனுமதிகூட இல்லை. அன்றிரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை, இன்றைக்கு ஓரிக்கை. அந்த இரண்டுக்கும் ரெண்டும்-ஒண்ணு யாராவது வாங்கினார்களா?

ராஜா ஓடிவந்து காலில் விழ, எல்லாரும் திரும்பினார்கள். இதுதான் தாங்கள் கவனிக்க வேண்டிய இடம். திரும்பி வந்த பெருமாள் பழையபடி படுக்காமல் பக்கத்தை மாற்றிப் படுத்துவிட்டார். இன்றும் திருவெஃகாவில் அப்படித்தான் சேவை சாதிக்கிறார். போனவரும் வந்தவரும் ஒருவரேதான் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமில்லாமல் இத்தனை நூற்றாண்டாகப் பூஜை நடக்கிறது. தங்களிடம் வந்திருந்தால் போட்டோவும் ஆளும் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

பழைய கதை வேண்டாம் என்றால் புதியது தருகிறேன். 2020 மே மாதம் கொரோனாவுக்காகக் கோயம்பேட்டை மூடியதும், மொத்தக் காய்கறிச் சந்தை அப்படியே எங்கள் ஊருக்குக் குடிபெயர்ந்தது. மழை பெய்தது, திடல் சேறானது, தக்காளியும் கோசும் சேற்றில் கிடந்து அழுகின. செப்டம்பர் கடைசியில் சந்தை மறுபடி கோயம்பேடு போய்ச் சேர்ந்தது. போன கத்தரிக்காயும் வந்த கத்தரிக்காயும் ஒன்றுதானா என்று ஒருவரும் ஸ்கேல் வைத்துப் பார்க்கவில்லை. நாட்டில் எவ்வளவு ஊழல், பாருங்கள்.

அதே 2020 ஜூனில்தான் அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டது. வேலூருக்கு ஓர் 'ஈ' கூடியது. கோயம்புத்தூருக்கு வால் நீண்டது. ஊர் கூடிச் சிரித்ததும் சில நாளில் ஆணையே திரும்பப் போய்விட்டது. ஆயிரத்துப் பதினெட்டு ஊருக்கு எழுத்தை மாற்றவும், மாற்றியதை அழிக்கவும் ஒரு வாரம் போதுமாக இருந்தது. 1988இல் ஒரு குமாஸ்தா ஓர் எழுத்தை எழுதியதற்கு நான் ஒரு மாதமாக நடக்கிறேன். நடந்தே வருவதில்லை, பஸ்ஸில்தான். பூந்தமல்லியில் மாற வேண்டும். பூந்தமல்லி, பூவிருந்தவல்லி, ஆங்கிலப் பலகையில் பூனமல்லி. அங்கே பிறந்தவர்களைத் தாங்கள் என்ன செய்கிறீர்கள்? கேட்கவே பயமாக இருக்கிறது.

இன்னொன்று. நான் போகிற நாட்டுக்காரர்கள் எனக்கு முன்பே இங்கே வந்து போனவர்கள். பழவேற்காடு நம் திருவள்ளூர் மாவட்டம்தான், தங்கள் படிவத்தில் மாவட்டக் கட்டத்தில் எனக்கு வரும் அதே பெயர். 1613இல் அங்கே ஒல்லாந்தர் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். ஊர்ப் பெயரைப் 'பலியகட்டா' என்று அவர்கள் வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். நடுவிலிருந்த ழகரத்தை எங்கே கொட்டினீர்கள் என்று கேட்க அன்றைக்கு ஜன்னல் இல்லை. துணி வாங்கினார்கள். பஞ்சம் வந்தபோது ஆளையும் வாங்கினார்கள். இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான பேர் அடிமைகளாகக் கப்பலேறிப் பத்தாவியாவுக்குப் போனார்கள். வாங்கியவர்களின் கல்லறைகள் பழவேற்காட்டில் இன்னும் இருக்கின்றன, பெயரும் தேதியும் கல்லில் அழகாக வெட்டி. விற்கப்பட்டவர்களுக்குக் கல் இல்லை, எழுத்தும் இல்லை, எந்த ஊரில் பிறந்தாய் என்று கேட்க நாதியும் இல்லை.

ஆக, எங்கள் ஆட்கள் போகக் கூடாத விதத்தில் போனபோது ஒரு கேள்வியும் இல்லை. படித்து, பரீட்சை எழுதி, அழைப்புக் கடிதத்தோடு நேர்வழியில் போகிறேன் என்று வந்தால்தான் உங்களுக்கு ஸ்கேல் தேவைப்படுகிறது. அதையாவது பொறுத்துக்கொள்வேன். உங்கள் பக்கத்தில் நாற்காலி ஒன்று காலியாகக் கிடந்தது. அதில் ஒரு பை இருந்தது. பையை எடுத்துவிட்டு அம்மாவை உட்காரச் சொல்ல உங்களுக்கு எந்தச் சுற்றறிக்கையும் வேண்டியிருக்கவில்லை. பெற்றவளிடம் போய், பெற்றது நிச்சயமா என்று கேட்கிறீர்கள். நீங்களும் ஒருத்தி பெற்றுத்தானே வந்தீர்கள்? அவள் என்ன சான்று வைத்திருந்தாள்?

மன்னிக்க வேண்டும். 'நீங்கள்' என்று எழுதிவிட்டேன். 'தாங்கள்' என்று திருத்தி வாசிக்கவும். ரெண்டும் ஒண்ணுதான்.

என் தொழில்புத்தி ஒன்றை மட்டும் சன்னிதியில் சமர்ப்பிக்கிறேன். நாங்கள் மைக்ரானில் வேலை செய்கிறவர்கள், மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிளந்தால் அதில் ஒரு துண்டு. அவ்வளவு நுணுக்கமான டிராயிங்கிலும் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் டாலரன்ஸ் என்று ஒன்று எழுதியிருப்போம். இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம். டாலரன்ஸ் சுழியம் என்று டிராயிங் போட்டால் லேத் ஓட்டும் பையனே, "சார், இத மனுஷன் செய்ய முடியாது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவான். மனிதக் கையால் ஆகாத அந்த வேலையை, மரஸ்கேலை வைத்துக்கொண்டு, மதிய உணவு இடைவேளையும் விட்டு, தாங்கள் தினமும் செய்துவருகிறீர்கள்.

வீட்டில் பெட்டி பாதி கட்டியாகிவிட்டது. காய்கறிக் கடையில் தொங்கு தராசை இரவல் வாங்கி, நிலைக்கதவுச் சட்டத்தில் மாட்டி, பெட்டியைத் தொங்கவிட்டுப் பார்க்கிறோம். 23 கிலோதான் கணக்கு. முள் 24ஐத் தாண்டியதும் அம்மா மிளகாய்த்தூளில் ஒரு பொட்டலத்தை எடுப்பாள், கொஞ்ச நேரம் கழித்து நான் பார்க்காதபோது திரும்ப வைப்பாள். நெய்யும் பால்கோவாவும் கூடாது, ஐரோப்பாவில் பால் பொருளைக் கொண்டுபோக விடமாட்டார்கள். கருவாடு போகலாம். இதைக் கேட்டதும் எங்கள் தெருவில் ஐரோப்பாவின் மதிப்பு உயர்ந்துவிட்டது. கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று வேண்டுமாம். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் எந்தச் சான்றும் வேண்டாம். "அப்ப தேங்காயாப் பொறந்திருக்கலாம்" என்று மனைவி என்னைப் பார்த்துச் சொன்னாள். எந்த ஊர்த் தேங்காய் என்று தங்களிடம் காட்டாதவரைக்கும் அதுவும் சரிதான்.

விசா ஒட்ட இன்னும் முப்பத்தெட்டு நாள். வருகிற செவ்வாய் மறுபடி தரிசனத்துக்கு வருகிறேன். அம்மாவை அழைத்து வரவில்லை, மடக்கு நாற்காலி ஒன்று எடுத்து வருகிறேன். வரிசையில் எனக்குப் பின்னால் யாராவது ஓர் அம்மா இருப்பாள்.

இப்படிக்கு,
எல்லில் பிறந்து, இசட் எச்சில் வளர்ந்து, தங்கள் வாயில் ளகரமான
மனுதாரன் (மூவரும் ஒருவரே)

பின்குறிப்பு: உறையின் மேல் அனுப்புநர் முகவரியில் ஊர்ப் பெயரை விட்டுவிட்டுப் பின்கோடு மட்டும் எழுதியிருக்கிறேன். தபால்காரர் கேட்டார், ஏன் என்று. அவருக்கு நம் ஊர் தெரியும், அதனால் சொன்னதும் புரிந்துகொண்டார்.