மலாயாவைக் குறுக்கே வெட்டிய ஆறு

நெகிரி செம்பிலானில் பகாவ் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு ஒரு செய்தி. கெடிஸ், ஜெராம் பாடாங் எல்லாம் காடாகக் கிடந்த காலத்தில், ஐரோப்பிய வரைபடங்கள் பலவற்றில் நம்ம ஊர் வழியாக ஓர் ஆறு மலாயாவையே இரண்டாக வெட்டிக்கொண்டு ஓடியது. மலாக்கா நீரிணையில் நுழைந்தால் தென்சீனக் கடலில் தலைகாட்டலாம். காகிதத்தில்தான்!

ஆரம்பித்துவைத்த புண்ணியவான் புவியியலாளர் தாலமி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் உட்கார்ந்து, மாலுமிகள் அளந்ததையெல்லாம் கேட்டு, நம் தீபகற்பத்துக்குள் மூன்று ஆறுகளை ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டார்.

உண்மை நிலவரம் இதுதான். ஜெம்போல் ஆறு மூவாரில் கலந்து மேற்கே போகிறது. செர்த்திங் ஆறு பெரா வழியாகப் பகாங்கில் கலந்து கிழக்கே போகிறது. நடுவே சில நூறு மீட்டர் மேட்டு நிலம். அங்கே அந்தக் காலத்தில் படகைக் கரையேற்றி, மூச்சுவாங்க இழுத்து, மறு ஆற்றில் தள்ளுவார்கள். பெனாரிக்கான் என்று பெயர். 1511இல் போர்த்துக்கீசியரிடம் மலாக்காவை விட்டுவிட்டு சுல்தான் மஹ்மூத் பகாங்குக்கு ஓடியதும் இவ்வழியே என்பார்கள். படகை யார் இழுத்தார்கள் என்று எந்த வரலாறும் சொல்லவில்லை. சுல்தான் இழுத்திருக்க மாட்டார்.

மலாக்காவில் பிறந்த நிலப்பட வல்லுநர் எரேதியா, 1613இலேயே பெனாரிக்கானைப் பற்றி எழுதிவைத்தார். அவருடைய கையெழுத்துப்படி பிரஸ்ஸல்ஸில் அச்சேற 1882 ஆனது. அதற்கு முன் பல காலம் அந்த மேடு, இரண்டு ஆறுகளையும் ஒன்றாக்கி வரைந்த வரைபடக்காரர்களின் வயிற்றில்தான் இருந்தது.

இவர்களை ஒருநாள் நம்ம பெரட்டில் நிறுத்தியிருக்க வேண்டும். நிரையில் நாலு மரத்தை விட்டுவிட்டு “எல்லாம் வெட்டியாச்சு” என்று சொல்லிப் பாருங்கள், கங்காணி அரைப்பேர்தான் போடுவார். மேட்டையே முழுங்கியவனுக்கு அதுவும் கிடையாது.

இப்போது மட்டும் என்ன வாழ்கிறது? 2007இல் பிரேசில் ஆய்வாளர்கள் அமேசானை 6,992 கிலோமீட்டர் என்று அளந்து, நைல் நதியை 6,853இல் நிறுத்தினார்கள். ஊற்று எது, முகத்துவாரம் எது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பிரேசில்காரன் அளந்தால் அமேசான் நீளாமல் நைலா நீளும்?

நம்ம மேட்டுக்கு அந்த வழக்கெல்லாம் இல்லை. 1910இல் கெமாஸிலிருந்து பகாவுக்கு ரயில் வந்தது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் கடலுக்குப் போக எவனும் படகைத் தேடவில்லை.