வெளிக்கிடல் இயல்: பனியில் விளையாடப் புறப்படும் குடும்பம் குறித்த ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

பனியை ஆராய்ந்த பெரியோர் பலர். 1611-இல் பிராக் நகரத்தில் யோகான்னஸ் கெப்ளர் தம் புரவலருக்குப் புத்தாண்டுப் பரிசாக ஒரு சிறுநூல் எழுதிக் கொடுத்தார். பனித்துகள் ஏன் ஆறு முனையோடு விழுகிறது என்பது அதன் கேள்வி. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885-இல் தொடங்கி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பனித்துகள்களைப் படம் பிடித்தார். ஜப்பானின் ஹொக்கைடோவில் உக்கிச்சிரோ நக்காயா 1936-இல் முயல் முடி ஒன்றின் மீது முதல் செயற்கைப் பனித்துகளை வளர்த்துக் காட்டினார்.

மூவரும் வணக்கத்துக்குரியோர். ஆயினும் நான்கு வயதுப் பிள்ளையை அந்தப் பனிக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்ற கேள்விக்கு மூவரிடமும் விடை இல்லை. கெப்ளர் தம் கோட்டின் மேல் விழுந்த துகள்களைப் பார்த்தே சிந்திக்கத் தொடங்கியதாக எழுதுகிறார். ஆராய்ச்சி ஆரம்பமாகும்போதே கோட்டு அவர் உடம்பில் ஏறிவிட்டது என்பது இதனால் பெறப்படும். அந்தக் காலத்தில் அவர் வீட்டிலும் சிறு பிள்ளைகள் இருந்தனர். அவர்களைக் கூட்டிக்கொண்டு போனதாக நூலில் ஒரு குறிப்பும் இல்லை. தொல்காப்பியமும் முன்பனி, பின்பனி என்று பொழுதைப் பகுத்ததோடு நின்றது. முழங்கால் மட்டும் பனி கிடக்கும் நிலத்துக்குத் திணையும் இல்லை, துறையும் இல்லை. அக்குறையை நீக்க எழுந்தது இந்நூல்.

களமும் மாந்தரும்

களம், டொராண்டோவின் ஸ்கார்பரோ. காலம், பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடக்கும் டிசம்பர் கடைசி, ஜனவரித் தொடக்கம். மாந்தர் ஐவர்: அப்பா, அம்மா, ஜூனியர் கிண்டர்கார்டன் படிக்கும் நான்கு வயது மகள், இன்னும் நடக்கத் தொடங்காத தம்பி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல பனிக்காலங்களைக் கண்ட அம்மம்மா. பல வீடுகளைக் கலந்து பிசைந்த மாதிரிக் குடும்பம் இது. தம் வீட்டு வாசலில் ஒளிந்திருந்து எழுதியதாக எவரும் ஐயுற வேண்டாம்.

பனி உண்டு என்பதற்கு அளவை வேண்டும். டிசம்பர் 25 காலை 7 மணிக்கு நிலத்தில் குறைந்தது 2 செ.மீ. பனி கிடந்தால்தான் அதை வெள்ளைக் கிறிஸ்துமஸ் என்று கனடாவின் சுற்றுச்சூழல் துறை ஒப்புக்கொள்ளும். அளப்பவர்கள் கைக்குழந்தையோடு புறப்படுவதில்லை என்பது அந்த நேரக் குறிப்பிலேயே தெரிகிறது. நம் குடும்பம் 7 மணிக்கு அளக்க நினைத்து வெளிக்கிட்டால், அளவுகோல் பனியைத் தொடுவதற்குள் அது உருகிப் பச்சைப் புல்லும் தெரியக்கூடும்.

நூற்பா 1

தோள்வார்க் காற்சட்டை முதலே; அதன்பின் பூட்ஸே; கோட்டே; தொப்பியே; மிட்டன் ஈறே.

உரை: தோளில் வார் மாட்டும் பனிக் காற்சட்டை கோட்டுக்கு உள்ளே அடங்க வேண்டியது, ஆதலால் முதல் நின்றது. அதன் கால் முனையில் உள்ள இழுவைப் பட்டி பூட்ஸின் கழுத்தை மூட வேண்டும். ஆதலால் பூட்ஸ் அடுத்தது. மிட்டன் போட்ட கை ஜிப் இழுக்காது, மூக்குத் துடைக்காது, ஒன்றுக்கும் உதவாது. ஆதலால் ஈற்றில் வைத்தார். ஐந்து விரலும் தனித்தனி அறையில் இருக்கும் கையுறையை விட, நான்கு விரலும் ஒரே அறையில் ஒண்டிக்கிடக்கும் மிட்டன் சூடு கூடியது. கூட்டுக் குடும்பத்தின் மேன்மையை இது வலியுறுத்தும் என்பார் அம்மம்மா.

மிட்டனின் வாய் கோட்டுக் கைக்கு உள்ளேயா, வெளியேயா என்பதில் இரு பள்ளிகள் உண்டு. உட்கையார், மிட்டனை முன்னரே மாட்டிக் கோட்டை அதன்மேல் இழுத்துவிட்டால் பனி புகாது என்பர். வெளிக்கையார், மிட்டனோடு கையைக் கோட்டுக்குள் நுழைப்பது இயலாது என்பர். அப்பா உட்கையார், அம்மா வெளிக்கையார். மகள் மிட்டன் மறுப்பார் என்னும் மூன்றாம் பள்ளியைச் சேர்ந்தவர். அப்பள்ளிக்கு நூல் இல்லை, குரல் மட்டும் உண்டு.

நூற்பா 2

முந்தி வெளிக்கிட்டார் வியர்ப்பர். பிந்தி வெளிக்கிட்டார் பேச்சுக் கேட்பர்.

உரை: 1941-இல் உடலியல் அறிஞர் மூவர் ஆடையின் கதகதப்பை அளக்க க்ளோ என்ற அலகை வகுத்தனர். 21 பாகை செல்சியஸ் அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவரைச் சுகமாக வைத்திருக்கும் உடையின் அளவு 1 க்ளோ. ஏறத்தாழ ஒரு கோட்-சூட் உடை. பனியாடை அதனினும் பல பங்கு. ஹீட்டர் ஓடும் வீட்டின் வாசலும் ஏறக்குறைய 21 பாகைதான். ஆனால் அங்கே எவரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. முதலில் உடுத்தவர் நின்ற இடத்திலேயே வேகத் தொடங்குவார். வியர்வை உள்ளாடையை நனைக்கும். நனைந்த துணி சூட்டைக் காக்காது. ஆகவே உள்ளே அதிகம் வெந்தவரே வெளியே முதலில் குளிரில் நடுங்குவார்.

பிள்ளையை முதலில் உடுத்தால் பிள்ளை அழும். அப்பா முதலில் உடுத்தால் வேறொரு வழு நேரும்.

“இஞ்சேருங்கோ, கார்த் திறப்பு எங்க?”

திறப்பு குசினி மேசையில். அப்பாவின் காலில் ஈரப் பூட்ஸ். இடையில் கார்ப்பெட். கழற்றினால் கட்டிய கயிறெல்லாம் வீண். இந்நிலையில் அப்பாமார் முழங்காலில் தவழ்ந்து குசினி வரை போய்த் திரும்புவது ஸ்கார்பரோ எங்கும் காணப்படும் வழக்கு. தவழப் பழகும் தம்பி இதைக் கூர்ந்து கவனிக்கிறார்.

நூற்பா 3

கடைசி ஜிப் ஏறவே தேவை எழும்.

உரை: இதற்கு எடுத்துக்காட்டே உரையாகும்.

“ஒண்டுக்கு வருதோ பிள்ளை?”

“இல்லை அம்மம்மா.”

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“வரேல்லை.”

காற்சட்டை ஏறியது. பூட்ஸ் ஏறியது. கோட்டு, தொப்பி, கழுத்துறை, மிட்டன் எல்லாம் ஏறின. ஜிப் நாடியைத் தொட்டது.

“அம்மா, ஒண்டுக்கு வருது.”

தடை: பிள்ளை முன்பு பொய் சொன்னதாகாதோ எனின், ஆகாது. அப்போது வரவில்லை; இப்போது வருகிறது. ஜிப் ஏறுவது காரணமா, தற்செயலா என்பதைச் சோதிக்க, ஜிப் ஏற்றாமல் ஒரு பிள்ளையைப் பனிக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு அம்மம்மா ஒப்புதல் தரவில்லை.

நூற்பா 4

காரேறிச் செல்வார்க்கு இரட்டித்தலும் உரித்தே.

உரை: சறுக்குப் பலகையோடு மேடுள்ள பூங்காவுக்குப் போவோர்க்கு இது. குழந்தை இருக்கையின் பட்டிக்கு அடியில் தடித்த பனியாடை இருக்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. மோதல் நேர்ந்தால் பஞ்சு அமுங்கும், பட்டி தளரும், பிள்ளை நழுவும். ஆகையால் உடுத்ததைக் காரில் களைந்து, பூங்காவின் வாகனத் தரிப்பிடத்தில், திறந்த காரின் பின்கதவோரம், காற்றில், மறுபடியும் உடுத்த வேண்டும். நூற்பா 3 அங்கேயும் செல்லும், கழிப்பறைதான் இருக்காது.

நூற்பா 5

இணையென வாங்கியது ஒற்றையாய் எஞ்சும்.

உரை: மிட்டனுக்கே உரியது. இரண்டையும் கயிற்றால் பிணைத்துக் கோட்டுக் கை வழியே ஓட்டுவது முன்னோர் கண்ட பரிகாரம். சறுக்குமரக் கம்பியில் கயிறு மாட்டிக் கழுத்தை இறுக்கக்கூடும் என்பதால் இப்போது அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஒற்றை மிட்டன்கள் பள்ளிக்கூடத்துத் தொலைந்த பொருள் பெட்டியில் மே மாதம் வரை வாழும்.

வெளியே நிகழ்வன

இவ்வளவும் கடந்து குடும்பம் பனிக்குள் நின்றுவிட்டது. இனிச் சொல்ல அதிகம் இல்லை.

குளிர்காற்றின் கடுமையை முதலில் அளந்தவர்கள் அன்டார்டிகாவில் உருளையில் நீர் ஊற்றி, அது எவ்வளவு விரைவில் உறைகிறது என்று பார்த்தனர்; 1945-இல் அவர்களின் சூத்திரம் வெளிவந்தது. 2001-இல் அமெரிக்காவும் கனடாவும் அதைத் திருத்தின. இதே டொராண்டோவில் காற்றுச் சுரங்கத்துக்குள் தன்னார்வலர்களை நடைப்பட்டையில் நடக்க விட்டு, முகம் எவ்வளவு சூட்டை இழக்கிறது என்று அளந்தார்கள். குளிர்காற்றுக் குறியீடு −28-க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம் என்பது இதனால் கிடைத்த பயன். ஆனால் அந்தச் சூத்திரம் மணிக்கு 4.8 கி.மீ. வேகத்தில் நடக்கும் வளர்ந்தவருக்கானது. நம் மகளோ பனியில் இறங்கியதும் மல்லாந்து விழுந்து, கையையும் காலையும் விரித்து விரித்து மூடித் தேவதை வரைகிறார். மல்லாந்து கிடப்போர்க்கு அச்சூத்திரத்தில் இடம் இல்லை.

அடுத்து பனிமனிதன். கடும் குளிரில் விழும் பனி உலர்ந்து மாவாய் உதிரும், பிடித்தால் பிடிபடாது. 0 பாகையை ஒட்டி, துகள்களுக்கிடையே சிறிது நீர் கசியும் பனியே உருண்டையாகும். மிட்டனை ஊற வைப்பதும் அதே பனிதான். நல்ல பனிமனிதனும் உலர்ந்த மிட்டனும் ஒருங்கே வாய்த்ததாக வரலாறு இல்லை.

1494 ஜனவரியில் பிளாரன்ஸில் பியரோ தெ மெடிச்சி கேட்டதால் மைக்கலாஞ்சலோ ஒரு பனிச்சிலை செய்தார் என்று வசாரி எழுதுகிறார். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பெத்தல் ஊரார் 2008-இல் 37 மீட்டருக்கும் மேல் உயர்ந்த பனிப்பெண்ணைக் கட்டி, பனிச்சறுக்குக் கட்டைகளைக் கண் இமை முடியாக வைத்தனர். நம் குடும்பத்துப் பனிமனிதன் அப்பாவின் இடுப்பளவு. ஆயினும் ஆராய்ச்சிக்கு அவனே முக்கியம். அவனுக்குத் தொப்பியும் சால்வையும் உடுத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அழவில்லை, கையை மடக்கவில்லை, ஒண்டுக்குக் கேட்கவில்லை. பனிமனிதனுக்கு எதற்குச் சால்வை என்று அப்பா கேட்டது அறியாமை: துணி வெளிச்சூட்டை உள்ளே விடாது, ஆகவே உடுத்த பனிமனிதன் மெதுவாகவே உருகுவான். அப்பாவின் கழுத்துத்தான் வெறுமையாகிவிட்டது. சிறிது நேரத்தில் எல்லோரும் உள்ளே போக வேண்டியதாயிற்று.

முடிவுரை

வெளிக்கிடும் நேரம் வெளியே நிற்கும் நேரத்தை விஞ்சுகிறது. ஆதலால் விடுமுறையின் மெய்யான விளையாட்டு வெளிக்கிடலே. பனி அதற்கு ஒரு சாக்கு. கிறிஸ்துமஸ் மரத்தடியிலும் குடும்பம் கூடுகிறது, ஆனால் அங்கே யாராவது ஒருவர் கையில் போன் இருக்கும். வாசலில் ஐந்து பேரும் ஒரு கம்பளத்தின் மேல் முழங்கால் இடிபட நிற்கிறார்கள். எல்லாக் கையும் இன்னொருவர் உடம்பில் ஏதோ ஒன்றை மாட்டிக்கொண்டிருக்கிறது. மிட்டன் போட்ட விரலுக்குத் தொடுதிரை பணிவதும் இல்லை. ஆண்டில் வேறெந்த நாளிலும் இப்படி ஒரு கூட்டம் அமைவதாகத் தெரியவில்லை.

புறனடை

கிண்டர்கார்டன் வகுப்பில் ஆசிரியை ஒருவரும் பாலர் கல்வியாளர் ஒருவரும் சேர்ந்து வகுப்பு முழுவதையும் இடைவேளைக்குப் பனியில் இறக்கிவிடுகிறார்கள். இது எப்படி இயலும்? கோட்டைத் தலைகீழாகத் தரையில் விரித்து, தொப்பிப் பக்கம் தன் கால் பக்கம் இருக்க நின்று, குனிந்து இரு கையையும் நுழைத்து, தலைக்கு மேலாக ஒரு வீச்சு. கோட்டு தானே முதுகில் வந்து விழும். பிள்ளைகள் இதைப் பள்ளியில் கற்கிறார்கள். வீட்டில் உடுத்திவிட ஆள் இருப்பதால் சொல்வதில்லை.

பனிமனிதன் செய்த மறுநாள் மகள் எவர் உதவியும் இன்றி இவ்வாறே உடுத்து, காற்சட்டை முதல் மிட்டன் ஈறாக நூற்பா 1 பிசகாமல் முடித்து, கதவடியில் போய் நின்று கூப்பிட்டார்.

“எல்லாரும் கெதியா வெளிக்கிடுங்கோ!”

அப்பா ஒரு காலில் பூட்ஸோடு மற்றதைத் தேடிக்கொண்டிருந்தார். அம்மா தம்பியின் காலைக் காற்சட்டைக்குள் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மம்மா ஒற்றை மிட்டனோடு நின்றார். நூற்பா 2 கூறியபடி மகள் வியர்க்கத் தொடங்கினார். நூற்பா 3 கூறியதும் அடுத்து நிகழ்ந்தது.