மணல் அடைத்த ஸ்பீக்கரும் மலை ஏறிய தேயிலையும்

வில்லியம் கேமரன் 1885-இல் மலாயாவின் பஹாங் மலைகளுக்குள் புகுந்து, குளுகுளுவென்று ஒரு மேட்டுநிலத்தைக் கண்டார். அவர் அரசாங்க நில அளவையாளர். பார்த்தார், பரவசப்பட்டார், குறிப்பும் எழுதினார். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் சரியாகக் குறிக்க மட்டும் விட்டுவிட்டார். அவருக்குச் சம்பளம் கொடுத்ததே அந்த ஒரு வேலைக்குத்தான். தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்துவந்த செமாய் பழங்குடி மக்களிடம் யாராவது கேட்டிருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருப்பார்கள். கேட்கிற வழக்கம் துரைமார்களுக்கு இல்லை. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மறுபடி மலையேறிப் பார்த்து, ஓய்வெடுக்க ஏற்ற ஊர் என்று சான்றிதழ் கொடுக்கும்வரை கேமரன் மலை தொலைந்தே கிடந்தது.

1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் வந்தார். பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம் அவர் கையில் இருந்தது. சிறுவயதிலேயே மலாயாவுக்கு வந்தவர், சீனமும் மலாயும் தண்ணீராய்ப் பேசுவார். உலகப் பொருளாதாரம் சரிந்து ஈயமும் ரப்பரும் சீந்துவாரில்லாமல் கிடந்த நேரம். மனிதன் வேலை இழந்தாலும் தேத்தண்ணீரை விடமாட்டான் என்று ரஸ்ஸல் கணக்குப் போட்டார். சிலோனில் தேயிலையோடு பழகிய ஏ.பி. மில்னையும் சேர்த்துக்கொண்டு ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்த கதையைச் சொல்கிறவர்கள் கோவேறு கழுதைகளையும் ஒரே ஒரு நீராவி ரோலரையும் மறக்காமல் சொல்வார்கள். மரத்தை வெட்டிச் சாய்த்த நம் ஆட்களுக்கு அந்தக் கதையில் பெயர் கிடையாது. ரோலருக்காவது மாடல் எண் இருந்திருக்கும்.

அதே மந்தம் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இன்னொரு மனிதரையும் பிடித்து உலுக்கியது. கில்பர்ட் பிரிக்ஸுக்குத் துணி வியாபாரம். ஊரே கம்பளியை நம்பி வாழ்ந்தது, கம்பளியோ விலைபோகவில்லை. பியானோ என்றால் அவருக்கு உயிர். ரேடியோப் பெட்டியிலிருந்து வந்த பியானோவைக் கேட்டால் உயிர் போயிற்று. 1932-இல் இல்க்லி என்ற ஊரில் தன் வீட்டு நிலவறைக்குள் இறங்கி, கையாலேயே ஒரு ஸ்பீக்கர் செய்தார். நாற்பது வயதைத் தாண்டிய குடும்பஸ்தன், கடை படுத்துக்கிடக்கும் நேரத்தில், பாட்டுப் பெட்டி செய்கிறேன் என்று நிலவறைக்குள் போனால் நம் வீடுகளில் முதலில் சோதிடரைத்தான் பார்ப்பார்கள். பிரிக்ஸோ அடுத்த ஆண்டே ஒரு சின்னப் பட்டறையைத் திறந்தார். ஊர் வழியாக ஓடும் வார்ஃப் ஆற்றின் பள்ளத்தாக்குக்கு என்ன பெயரோ அதையே கம்பெனிக்கும் வைத்தார்: வார்ஃப்டேல். பிராட்ஃபோர்ட் வானொலி ஆர்வலர்கள் நடத்திய போட்டியில் முதல் பரிசும் அவருக்கே, இரண்டாம் பரிசும் அவருக்கே. போர் மூளும் நேரத்தில் ஆண்டுக்கு சுமார் 9,000 ஸ்பீக்கர்கள் விற்றார்.

பிரிக்ஸின் மூளை வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் கூம்பு அதிரும்போது அதை மாட்டிய மரப்பெட்டியும் கூடவே அதிர்கிறது. பாடகர் பாடும்போது பக்கவாத்தியக்காரர் கேட்காமலே சேர்ந்து பாடுவதுபோல, பெட்டி தன் குரலையும் கலந்துவிடுகிறது. பெட்டியின் வாயை மூடினால்தான் பாட்டு சுத்தமாக வரும். இதற்கு அவர் கண்ட வைத்தியம்: இரண்டு ஒட்டுப்பலகைகள், நடுவில் உலர்ந்த மணல். அதிர்வை மணல் விழுங்கிவிடும். இப்படி மணல் அடைத்த பலகையோடு வந்த எஸ்.எஃப்.பி.-3 என்ற மாடலைக் கடையிலேயே விற்றார். அதோடும் திருப்தி வரவில்லை. அறையின் மூலையில் செங்கல் வைத்துச் சுவர் எழுப்பி அதற்குள் ஸ்பீக்கரைப் பொருத்தினால் இன்னும் நல்லது என்று வாடிக்கையாளர்களுக்கு வழி சொன்னார். பாட்டுக் கேட்க ஆசைப்பட்டவன் கொத்தனாரைத் தேடிப் போனான். வீடு மாறினால் ஸ்பீக்கரை வாடகைக்காரருக்கு விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

இதையெல்லாம் புத்தகமாகவும் எழுதினார். 1948-இல் வந்த ஸ்பீக்கர் பற்றிய சிறு நூல் அமோகமாக விற்றது. பியானோவைப் பற்றி ஒன்று, காது கேட்பதைப் பற்றி ஒன்று, கடைசியில் புதிருக்கும் நகைச்சுவைக்கும்கூட ஒன்று. சரக்கு விற்கிறவர் சிரிக்கவும் வைத்தால் ஜனங்கள் விடுவார்களா? 1954-இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலை எடுத்து, மேடையில் கலைஞரை வாசிக்க வைத்து, உடனே அதன் ஒலிப்பதிவையும் போட்டுக் காட்டினார். எது நேரடி, எது பதிவு என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்பது போட்டி. அரங்கம் நிறைந்தது. அடுத்த ஆண்டு நியூயார்க் கார்னகி ஹாலுக்கும் அதே வித்தையைக் கொண்டுபோனார். வித்வான்கள் ஆயுள் முழுக்கச் சாதகம் செய்து ஏறும் மேடை அது. இவர் பெட்டியோடு ஏறினார்.

அந்த நிகழ்ச்சிகளில் ஆம்ப்ளிஃபையரைக் கவனித்துக்கொண்டவர் பீட்டர் வாக்கர். ‘குவாட்’ கம்பெனி அவருடையது. லண்டனில் குண்டு விழுந்ததால் ஹண்டிங்டனுக்குக் குடிபெயர்ந்த சின்ன நிறுவனம். 1957-இல் அவர் விட்ட ஸ்பீக்கரில் கூம்பும் இல்லை, பெட்டியும் இல்லை. துளையிட்ட தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதற்கு 6,000 வோல்ட் மின்னழுத்தம். நின்ற தோற்றத்தில் அறைக்குச் சூடு ஏற்றும் ஹீட்டர். ஒலியோ இன்றும் கிழவர்கள் கண்ணீர் விடும் ரகம். ஈரத்தைக் கண்டால் மட்டும் அதற்கு ஆகாது, பொறி பறக்கும். கேமரன் மலையின் தானா ராட்டா ஊரில் அதை வைத்திருந்தால், மாலை நான்கு மணி மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்ததும் வீணைக் கச்சேரி வாணவேடிக்கையாகியிருக்கும். இந்த ஒலித் தொழிலில் நகைக்கடைக்காரர்களும் உண்டு. அரச கிரீடத்தைப் பராமரித்த கராட் கடைதான் 1915-இல் பீரங்கிக்குத் தூரம் அளக்கும் கருவி செய்ய ஒரு பட்டறை வைத்து, போர் முடிந்ததும் கிராமபோன் மோட்டாருக்குத் தாவியது.

கேமரன் மலைக்கு இதெல்லாம் எந்த அளவுக்கு வந்தது என்று கேட்டால், துரை பங்களா வாசற்படி வரைக்கும் வந்தது. தொழிலாளர்களின் லயன் வீட்டுக்குப் பலகைச் சுவர், தகரக் கூரை. பிரிக்ஸ் மணலைக் கொட்டி அடக்கிய அதிர்வு அங்கே சுவர், கூரை, சட்டிபானை எல்லாவற்றிலும் தாராளமாகக் கிடைத்தது. மழை பிடித்தால் தகரத்தின் கச்சேரிதான். மலாயாவின் அவசரகாலத்தில், 1948 முதல் 1960 வரை, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளின் பேச்சு ஜனங்கள் காதில் ஏறக்கூடாது என்று தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் அரசாங்கமே பொது ரேடியோப் பெட்டிகள் கொடுத்தது. சர்க்கார் செய்தியை ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள், அடுத்து சினிமாப் பாட்டு வருமே! பாட்டைக் கொடுத்துப் புரட்சியைத் தடுக்கலாம் என்று கண்டுபிடித்தவனுக்கு ஒரு பதக்கம் தரலாம். தமிழனை அவன் சரியாகத்தான் படித்திருக்கிறான்.

தோட்டத்துக்குச் சொந்தமான ஒலி என்றால் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர்தான். அதில் தாழ்ந்த சுருதியும் வராது, நுட்பமும் வராது. அடுத்த மலையில் இருப்பவனுக்குக் கேட்க வேண்டும், கேட்கும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முதல் கணக்கெழுதும் கிராணி வரை யாரும் அதைக் குறை சொன்னதில்லை. ஹை-ஃபை பத்திரிகைகள் இதற்கு மதிப்பெண் போட்டதில்லை. ஆனால் மூன்று கிலோமீட்டர் தாண்டி அம்மனைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள் அந்த 6,000 வோல்ட் ஹீட்டரை.

பிரிக்ஸ் 1958-இல் வார்ஃப்டேலை ராங்க் நிறுவனத்துக்கு விற்றார். அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் கூடவே இருந்துவிட்டு ஓய்வு பெற்றார். கைமாறிக் கைமாறி 1997-இல் வார்ஃப்டேல், குவாட் இரண்டையும் சாங் என்ற இரட்டைச் சகோதரர்களின் ஐ.ஏ.ஜி. குழுமம் சேர்த்து வாங்கியது. ஆலை சீனாவில். கம்பளிப் பள்ளத்தாக்கின் பெயர் சீன அட்டைப்பெட்டியில் அச்சாகிறது. ரஸ்ஸல் 1933-லேயே காலமானார், தேயிலை மட்டும் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. பின்னாளில் அதை நடத்த வந்தவர் அவருடைய பேத்தி கரோலின் ரஸ்ஸல். கூடை சுமந்து கொழுந்து கிள்ளிய சரிவுகளில் இப்போது இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து நடத்தும் வெட்டு இயந்திரம் ஓடுகிறது. பிடிப்பவர்களில் பலர் நேபாளத்திலும் வங்காளதேசத்திலும் இருந்து வந்தவர்கள். அது போடும் இரைச்சலைக் கேட்டிருந்தால் பிரிக்ஸ் அதற்குள்ளும் ஒரு மூட்டை மணலைக் கொட்டியிருப்பார்.