அடையாறு தோட்டமும் கூரத்து விருந்தாளிகளும்

சென்னையில் அடையாறு வங்கக் கடலைத் தொடும் முகத்துவாரத்தை ஒட்டி, ஆற்றின் தென்கரையில் பிரம்மஞான சபையின் தோட்டம் இருக்கிறது. ஹடில்ஸ்டன் தோட்டம் என்று பெயர் பெற்றிருந்த இந்தச் சொத்தை 1882இல் பிளாவாட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் சபைக்காக வாங்கினார்கள். அப்போது 27 ஏக்கர். இப்போது சுமார் 260. வடக்கே ஆறு, கிழக்கே கடல், நடுவில் மரங்கள். கத்திரி வெயிலில் அடையாறு சிக்னலில் நிற்கிறவரும் கேட்டுக்குள் நூறடி நடந்துவிட்டவரும் ஒரே ஊரில் இருப்பதாகச் சொன்னால் இருவருமே நம்பமாட்டார்கள்.

காரணம் எளிது: மரநிழலும் கடற்காற்றும். பகலில் நிலம் சீக்கிரம் சூடேறும், கடல் நிதானமாகச் சூடேறும். தரையில் சூடான காற்று மேலே கிளம்ப, அந்த இடத்துக்குக் கடல் பக்கத்துக் காற்று வந்துவிடும். கோடையில் கரையோரத்தில் இது நண்பகலை ஒட்டித் தொடங்கும். மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று மும்முரமாக இருந்தால் மட்டும் கடற்காற்று வாசலிலேயே நின்றுவிடும். சென்னை 45 டிகிரி கண்ட 2003 மே மாதக் கடைசியை ஊர்க்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. மார்கழியில் கணக்கு மாறும். உள்நாட்டில் விடியற்காலையில் பல் தந்தியடிக்கும்போது, கடல் தன் சூட்டை அவ்வளவு சுலபமாக விடாததால் கரையோரத்தில் ஒரு துண்டு போதும். ஆக, மிதமான தட்பவெப்பம்தான். ஆனால் காற்றில் ஈரம் அதிகம் என்பதால், வியர்வையைத் துடைத்த கைக்குட்டை சாயங்காலம் வரை காயாது. இதைப் பயணக் குறிப்புகள் சொல்வதில்லை.

காஞ்சிபுரம் மாவட்டத்துக் கூரம், கடலிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. ஆகவே கூரத்தார் கடற்காற்றைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. போகும் முறைக்கு ஒரு மரபு உண்டு. காஞ்சிபுரத்தில் ஒரு பஸ், தாம்பரத்தில் இன்னொரு பஸ். தூக்கு நிறையப் புளியோதரை. தேர்ந்தெடுக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை.

தோட்டத்துக்கோ ஞாயிறு விடுமுறை. மற்ற நாள்களிலும் காலையில் சிறிது நேரம், பிற்பகலில் சிறிது நேரம்தான் பார்வையாளருக்கு அனுமதி. இந்தச் செய்தி ஊருக்கு ஏன் முன்பே எட்டவில்லை என்று கேட்கலாம். ராமானுஜரின் சீடரான கூரத்தாழ்வான், செல்வத்தை உதறுவதற்கு முன், இரவில் தன் மாளிகைக் கதவைச் சாத்தினால் அந்தச் சத்தம் காஞ்சியில் பெருந்தேவித் தாயாருக்கே கேட்டது என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. அடையாற்றில் சாத்திய கதவுக்கு அந்தச் சக்தி இல்லை.

வேலை நாளில் மறுபடி வருகிறவர்களுக்கு அடுத்த சோதனை, தூக்கு. உள்ளே சாப்பிடக் கூடாது, கூச்சல் போடக் கூடாது, பந்து விளையாடக் கூடாது. தத்துவ விசாரணைக்காக அமைந்த இடத்தில் இது நியாயம்தான். ஆனால் கூரத்துக் குடும்பத்தில் இந்த மூன்றையும் கழித்தால் சுற்றுலாவில் மிஞ்சுவது நடை மட்டும். அத்தைகளுக்கு நடை ஆகாது.

நடந்து சேருமிடம் பெரிய ஆலமரம். வயது சுமார் 450 என்பார்கள். அன்னி பெசன்ட், மரியா மாண்டிசோரி, ஜே. கிருஷ்ணமூர்த்தி ஆகியோர் பேசியதெல்லாம் இதன் நிழலில்தான். 1989இல் புயற்காற்றில் அடிமரம் சாய்ந்துவிட்டது. விழுதுகள் மரத்தைத் தாங்கி நிற்கின்றன. இங்கேதான் குடும்பத்தில் வழக்கு கிளம்பும். “மரம் எங்கே?” என்பார் சித்தப்பா. சுற்றிலும் இருப்பதெல்லாம் மரம்தான் என்று சொன்னால் போதாது. போட்டோவுக்குச் சாய்ந்து நிற்க ஒரு அடிமரம் வேண்டும். கடைசியில் உள்ளதில் தடித்த விழுது ஒன்றுக்குத் தாய்மரப் பட்டம் கிடைக்கும். வேலிக்கு வெளியிலிருந்து படம் எடுப்பதால் அதுவும் சரியாக விழாது.

நாகலிங்க மரம் இவ்வளவு சிக்கல் தராது. கிளையில் பூக்காமல், அடிமரத்திலிருந்து நேராகக் கொத்துக் கொத்தாய்ப் பூப்பது. பூவின் நடுவில் ஒரு குமிழ், அதன்மேல் படமெடுத்தாற்போல் மடிந்த ஒரு பட்டை. இதன் தாயகம் தென் அமெரிக்கா என்று சொல்லிப் பார்க்கலாம். சிவன் கோயிலில் பார்த்து வளர்ந்த அத்தை ஒப்புக்கொள்ளமாட்டார். காய்கள் பீரங்கிக் குண்டு அளவில் தொங்குவதால், அடியில் நின்று வாதாடாமல் இருப்பது நல்லது.

2016 டிசம்பர் 12இல் வந்த வர்தா புயல் இந்தத் தோட்டத்தில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. கடலோரத்தில் இருப்பதற்கு ஆகும் செலவு இது. முகத்துவாரப் பக்கம் பார்வை போனதும் சித்தப்பாவுக்கு ஊர்ப் பெருமை வந்துவிடும். கூரம் செப்பேட்டின்படி, 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் பாலாற்றிலிருந்து கால்வாய் வெட்டி ஊர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். “நம்மூர்ல ஒரு ராஜா மெனக்கெட்டு ஆத்தைக் கூட்டியாந்தான். இங்க என்னடான்னா, தானா வர்ற ஆத்தைக் கடல்ல விட்டுட்டு வேடிக்கை பாக்குறாங்க!”

பிற்பகல் நேரம் முடிந்து கேட் சாத்தும்போது காற்று நன்றாகப் பிடித்திருக்கும். புளியோதரை பெசன்ட் நகர் கடற்கரையில் பிரிக்கப்படும். காற்று அதில் மணலைக் கலக்கும். கடற்காற்று உள்நாட்டுக்குள் சைக்கிள்காரர் வேகத்தில்தான் நகர்கிறது. அது தாமதமாகக் கிளம்பிய நாளில், தாம்பரம் நெரிசலைத் தாண்டியதும் பஸ் அதை முந்திவிடும். அன்று கடற்கரையிலிருந்து திரும்பியவர்கள் கூரத்தில் திண்ணையில் உட்கார்ந்து, விசிறிக்கொண்டே, அதே காற்று வந்து சேரக் காத்திருக்க வேண்டும்.