ஒற்றைக் காலில் நிற்பவர்

கத்திரி வெயில் காலத்தில், தாம்பரத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் கட்டிய கொடியில் கம்பளி சாக்ஸ் காய்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? யாரோ கேதார்நாத் போய்விட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைக்கலாம். இல்லாவிட்டால் யாருக்கோ குளிர் ஜுரம். எதிர்வீட்டு மாமா ஜுரம் என்றே முடிவுகட்டி, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு விசாரிக்க வந்துவிட்டார்.

"யாருக்கும் ஒண்ணுமில்லை மாமா. அண்ணி பின்னினது."

மாமா மாடியை இன்னொரு தரம் அண்ணாந்து பார்த்தார். "ஒண்ணுதானேப்பா தொங்குது?"

அதுதான் விஷயம். எங்கள் அண்ணி சாக்ஸ் பின்னுவார். ஒன்று பின்னுவார்.

ஸ்வெட்டர் பின்னுகிறவர்களை நாம் அறிவோம். பழைய தமிழ்ப் படங்களில் கதாநாயகி ஊஞ்சலில் உட்கார்ந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பாள். ஆபீஸிலிருந்து வந்த கதாநாயகன் அதைப் பார்த்துவிட்டு அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றுவான். டாக்டர் செலவில்லாமல் செய்தி சொல்லும் வழி அது. இதனால் தமிழ்நாட்டில் எந்தப் பெண் கையில் பின்னல் ஊசியை எடுத்தாலும் பார்க்கிறவர்கள் முதலில் அவள் வயிற்றைத்தான் பார்க்கிறார்கள். அண்ணிக்கு வயது நாற்பத்தேழு. மகன் என்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு. தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலின் லேடீஸ் பெட்டியில், எதிரே உட்கார்ந்து மல்லிகைப் பூக் கட்டும் அம்மாள் மட்டும் இன்றுவரை விடாமல் கேட்கிறார்: "இன்னாக்கா, கொழந்தைக்கா?"

அந்தப் பெட்டியில் சும்மா உட்கார்ந்து வருகிறவர்கள் குறைவு. ஒருவர் கீரை ஆய்வார், ஒருவர் பூண்டு உரிப்பார், ஒருவர் பீன்ஸுக்கு நார் எடுப்பார். மாம்பலம் வருவதற்குள் பாதிச் சமையல் ஆகிவிடும். இந்தச் சபையில் அண்ணியின் ஐந்து ஊசிகள் யாருக்கும் விநோதமாகப் படவில்லை. இரண்டு முனையும் கூரான, இரண்டே கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சிகள். நான்கு சதுரமாக நிற்கும், ஐந்தாவது வேலை செய்யும். ஆபீஸ் மாதிரி என்று சொல்லலாம். அண்ணி வங்கி அதிகாரி, அவரே அப்படித்தான் சொல்கிறார்.

காலையில் நாலே முக்காலுக்கு எழுந்து, மூன்று டப்பா கட்டி, என் அம்மாவின் மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று பிரித்துவைத்து, குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளர் என்ற முறையில் தண்ணீர் லாரிக்காரரிடம் சண்டையும் போட்டுவிட்டு ரயில் பிடிக்கிறவருக்குப் பின்னுவதற்கு நேரம் எங்கிருந்து வருகிறது? சாக்ஸின் ரகசியமே அங்கேதான் இருக்கிறது. ஸ்வெட்டருக்கு மடி வேண்டும். சாக்ஸுக்குக் கைப்பை போதும். டிபன் டப்பாவுக்கும் குடைக்கும் நடுவில் அடங்கிவிடும். பிறர் வீணாக்கும் அண்ணியின் நேரமெல்லாம் அதில் போய்ச் சேருகிறது. பல் டாக்டர் வீட்டில் பதினான்கு சுற்று. மின்வாரிய அலுவலகத்தில் ஒன்பது. உறவுக்காரர் கல்யாணத்தில், மாப்பிள்ளை அழைப்பு தாமதமானதால், ஒரு முழுப் பாதம்.

இந்த வகையினரை அடையாளம் காண ஒரு சுலபமான வழி உண்டு. காத்திருக்கும் இடங்களில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, ஒருவர் மட்டும் தன் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் முகம் வாடுவார். "நீங்க முதல்ல போங்க, எனக்கு அவசரமில்லை" என்று பின்னால் இருப்பவருக்கு வழிவிடுவார். போனவர் அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்வார். குதிகால் திரும்பிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

குதிகால் திருப்புவது என்பது வீட்டில் குக்கர் கூட விசில் அடிக்கக் கூடாத நேரம். சாதாரண சாக்ஸுக்கு அறுபத்து நான்கு கண்ணி. (ஆய கலைகளும் அறுபத்து நான்கு, இந்த ஒற்றுமையை அண்ணி வாரம் ஒரு முறையாவது சொல்லிவிடுவார்.) அதில் பாதியை, முப்பத்திரண்டு கண்ணியை, தனியாகப் பிரித்து ஒரு பட்டையாகப் பின்ன வேண்டும். பிறகு வரிசையை முடிக்காமல் நடுவழியில் திரும்ப வேண்டும். வந்த வழியிலும் கொஞ்ச தூரமே போய் மறுபடி திரும்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு கண்ணியை ஒன்றாக்கிக்கொண்டே போனால் முப்பத்திரண்டு பதினெட்டாகிறபோது, தட்டையாக இருந்த துணி கிண்ணம்போலக் குழிந்து நிற்கிறது. வெட்டு இல்லை, தையல் இல்லை. நானும் பல தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். எந்த நொடியில் குழிகிறது என்று மட்டும் பிடிபடவில்லை. ஒருநாள் அந்த நேரம் பார்த்து கிளை மேலாளர் போன் செய்தார். அண்ணி எடுத்து "இருபத்தாறு" என்றார். மேலாளர் என்ன புரிந்துகொண்டாரோ, வாராக் கடன் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு மறுநாள் காத்திருந்தாராம்.

விரல் முனையை மூடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தையல் இருப்பதே தெரியாமல் இரண்டு பக்கக் கண்ணிகளையும் ஊசி நூலால் கோத்து இணைப்பது. முதல் உலகப் போரில் பிரிட்டனின் போர் அமைச்சராக இருந்த கிச்சனர் பிரபுவின் பெயரால் அதைக் கிச்சனர் தையல் என்கிறார்கள். "அத்தை, எனக்குக் கொஞ்சம் கிச்சனர் வேலை இருக்கு" என்று அண்ணி சொன்னபோதெல்லாம், மருமகள் அடுப்படிக்குப் போகிறாள் என்று நம்பி அம்மா நிம்மதியாக சீரியல் பார்த்திருக்கிறார். வெகுநாள் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. அதற்குள் பல தையல்கள் முடிந்துவிட்டன.

ஆனால் சாக்ஸ் ஒரு சாக்குதான் என்பது என் கட்சி. விஷயம் நூலில் இருக்கிறது. ஜெர்மனியில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கை ஊருக்கு வரும்போது மற்றவர்கள் சாக்லேட், சென்ட் என்று சொல்லியனுப்புவார்கள். அண்ணி நூல் கேட்பார். நூறு கிராம் சிட்டம், நானூறு மீட்டர், முக்கால் பங்கு மெரினோ கம்பளி, கால் பங்கு நைலான். குதிகால் சீக்கிரம் தேயாமலிருக்க நைலான். மெரினோ இழை நம் தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை, அதனால்தான் உறுத்தாது என்று விளக்கிக்கொண்டே சிட்டத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். பிறகு என் கன்னத்தில் வைப்பார். மறுக்க முடியாது. சவரம் செய்யாத நாளில் மட்டும் விதிவிலக்கு, நூல் சிக்கிக்கொள்ளும்.

கையால் சாயமிட்ட அந்த நூல்களின் நிறத்தை ஆங்கிலத்தில் ஏதேதோ பெயர் போட்டு விற்கிறார்கள். அண்ணி அதையெல்லாம் சட்டை செய்வதில்லை. மயில்கழுத்து, மாந்துளிர், அரக்கு, வெங்காயச் சருகு என்று பட்டுப்புடவைக் கடைப் பெயர்களாகவே வைத்துவிடுவார். ஒரு சிட்டத்தைப் பிரித்துப் பார்த்து, "இது எம்.எஸ். ப்ளூ" என்று சொன்ன மாலையில் வீட்டில் சமையல் இல்லை. ஓட்டலில் வாங்கினோம். ஒரு சிட்டத்தின் விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். ரங்கநாதன் தெருவில் மூன்று ஜோடி சாக்ஸ் நூறு ரூபாய் என்று கூவி விற்கிறார்கள் என்பதை அண்ணன் ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்தார். அண்ணி பதில் சொல்லவில்லை. அண்ணனுடைய வெள்ளிக் குங்குமச் சிமிழைக் காட்டி, பிளாஸ்டிக்கில் பத்து ரூபாய்க்குக் கிடைக்குமே என்று மட்டும் கேட்டார்.

அம்மாவின் ஆட்சேபம் வேறு. "இவ்வளவு அழகான நூலைக் கொண்டுபோய்க் காலில் போடறதாம்மா?"

"பட்டுப் பாவாடைக்கு ஜரிகை எங்கே இருக்கு அத்தை? தரையைத் தொடற இடத்துலதானே?"

அம்மா அதன்பின் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

சிட்டமாக வரும் நூலை அப்படியே பின்ன முடியாது, சிக்கிவிடும். உருண்டையாகச் சுற்ற வேண்டும். அதற்கென்று குடைபோல விரியும் கருவி விற்கிறது. அண்ணி வாங்கவில்லை, அண்ணன் இருக்கிறார். சாப்பாடான பிறகு அவரைக் கூடத்தில் உட்காரவைத்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, சிட்டத்தை மாட்டிவிடுவார். கைகள் கட்டுண்ட நிலை. ரிமோட்டை எடுக்க முடியாது, போனைத் தொட முடியாது, மூக்கு அரித்தாலும் என்னைத்தான் கூப்பிட வேண்டும். நானூறு மீட்டர் சுற்றி முடிக்க அரைமணிக்கு மேல் ஆகும். எங்கள் குடும்பத்தின் முக்கியமான முடிவுகளெல்லாம் இந்த அரைமணிகளில்தான் எடுக்கப்பட்டன. மகன் எந்தக் கல்லூரி, ஊரிலிருக்கும் நிலத்தை விற்பதா, சமையலறைக்கு எந்த டைல்ஸ், எல்லாம். அந்தக் குடைக் கருவியைப் பற்றி ஒருநாள் நானே கேட்டேன். "அதுக்கு 'சரி'ன்னு சொல்லத் தெரியாதே தம்பி" என்றார் அண்ணி.

சேர்ந்த நூல்கள் வீடு முழுக்க இருக்கின்றன. கொலுப் பொம்மைப் பெட்டியில், தசரதர் செட்டுக்கு அடியில். குக்கர் வந்த அட்டைப்பெட்டியில். விருந்தாளிகளுக்கென்று வைத்த தலையணை உறைக்குள். அந்துப்பூச்சிக்கு வேப்பிலை, வசம்பு. ஒரு தடவை கணக்குப் பார்த்தேன். ஒரு சாக்ஸுக்குக் குறைந்தது பன்னிரண்டாயிரம் கண்ணி ஆகிறது. இருக்கும் நூலை முடிக்க அண்ணி நூற்றுப் பத்து வயது வரை பின்ன வேண்டும். சொன்னேன். ஆயுள் காப்பீட்டுக்காரர்கள்கூட இவ்வளவு நம்பிக்கை கொடுத்ததில்லை என்று சந்தோஷப்பட்டார்.

சென்னையில் கம்பளி எதற்கு என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். குளிர்காலமே இல்லாத இந்த ஊரில்தான், 2016 ஜனவரியில் பெண்கள் ஒன்றுகூடி, பதினோராயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட குரோஷா போர்வையை விரித்து கின்னஸ் சாதனை செய்தார்கள் என்பார். எகிப்தில் குளிரா என்று அடுத்த கேள்வியும் அவரே கேட்பார். லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எகிப்திலிருந்து கிடைத்த சிவப்புக் கம்பளிச் சாக்ஸ் ஒரு ஜோடி இருக்கிறது. சுமார் ஆயிரத்து அறுநூறு ஆண்டுப் பழமை. ஒற்றை ஊசியால் செய்தது. செருப்பு வார் நுழைவதற்காகக் கட்டைவிரல் தனியாகப் பிரிந்திருக்கும். ஜோடியாக இருக்கிறது என்ற இடத்தில் மட்டும் அண்ணி கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுவார்.

அந்தப் படத்தைப் பார்த்து, மார்கழிக் காலையில் கோலம் போடப் போகும் அம்மாவுக்கு விரல் பிரிந்த சாக்ஸ் ஒன்று பின்னினார். எகிப்தியர்கள் மெட்டி அணியவில்லை போலும். இரண்டாம் நாள் மெட்டியில் ஒரு இழை மாட்டி, அம்மா வாசலிலிருந்து பூஜை அறை வரை நூலை இழுத்துக்கொண்டே வந்துவிட்டார்.

ஏன் எப்போதும் ஒன்று? முதல் சாக்ஸில் அடுத்து எந்த நிறம் வரும், குதிகாலில் எப்படி விழும் என்ற ஆவல் இருக்கிறது. இரண்டாவதில் எல்லாம் தெரிந்த கதை. அதற்குள் வேறொரு சிட்டம் கொலுப் பெட்டியிலிருந்து கூப்பிடுகிறது. அலமாரியின் ஒரு அறை முழுவதும் ஒற்றைச் சாக்ஸுகள், துணைக்குக் காத்திருக்கின்றன. இதில் அண்ணியிடம் வாதாடிப் பயனில்லை. ஒற்றைக் காலில் நிற்பார்.

விதிவிலக்காக, எனக்கு மட்டும் ஒரு முழு ஜோடி கிடைத்தது. போன ஜனவரியில் வேலையாக டெல்லிக்குப் போக வேண்டியிருந்தது. நண்பன் குலுவிலிருந்து வாங்கிவந்த மலைநாட்டுக் கம்பளியில், என் ஒன்பதாம் நம்பர் காலுக்கு, நான் ரயிலேறும் நாள் காலையில் இரண்டாவதின் விரல் முனையைக் கோத்து முடித்தார். டெல்லியில் ஒரு வாரம் என் உடம்பில் குளிராத பாகம் அது ஒன்றுதான். கழற்ற மனமில்லாமல் தூங்கியும் இருக்கிறேன்.

ஊர் திரும்பியதும், ஜீன்ஸோடு சேர்த்து, வெந்நீர் வைத்து, வாஷிங் மெஷினில் போட்டேன்.

ஜெர்மனி நூல் மெஷினைத் தாங்கும்படி பதப்படுத்தியது. மலைநாட்டுக் கம்பளி அப்படியல்ல. கம்பளி இழையின் மேல் மீன் செதில்போல நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் உலுக்கலும் சேர்ந்தால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகிவிடும், அப்புறம் பிரியாது. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. மெஷினைத் திறந்தபோது தெரிந்தது, தோசை மாதிரி தடித்த, என் உள்ளங்கையைவிடக் கொஞ்சமே நீளமான இரண்டு பொருள்கள்.

அண்ணி திட்டவில்லை. இரண்டையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குதிகால் குழிவு அப்படியே இருக்கிறது என்றார். கைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ரயிலில் பூக்கார அம்மாள் வழக்கம்போலக் கேட்டிருக்கிறார். "ஆமாம்" என்று சொல்லி எடுத்து நீட்டிவிட்டாராம் அண்ணி. அம்மாளின் பேத்திக்கு மூன்று வயது, கச்சிதமாகப் பொருந்திவிட்டது. மாடியில் விளையாடினாலும் கால் சுடுவதில்லை, குழந்தை கழற்ற மாட்டேன் என்கிறது என்று தகவல். இப்போது பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் ஒரு ஜோடி வேண்டுமாம். பூ தினமும் இரண்டு முழம் இலவசமாக வருகிறது.

நேற்று இரவு டேப்பை எடுத்துக்கொண்டு அண்ணி என் அறைக்கு வந்தார்.

"சின்னதாவே பின்னிடலாமே அண்ணி?"

"அந்தத் தடிமன் வராது தம்பி. உங்க சைஸ்ல பின்னி, நீங்கதான் துவைக்கணும்."

காலை நீட்டினேன். அளந்து எழுதிக்கொண்டு எழுந்து போனார். ஒரு காலைத்தான் அளந்தார்.