புழுதி இலக்கணம்

பல்கேரியாவில் கிராமத்து வீடு வாங்கிப் புதுப்பிக்கப் போனவர்கள் கூரையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், கிணற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், வராத மேஸ்திரியைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதியிருக்கிறார்கள். காப்பிக் கோப்பையில் மிதப்பதும், தலையணை உறைக்குள் புகுவதும், ரொட்டியைக் கடித்தால் பல்லில் நறநறப்பதுமான அந்த ஒரு பொருளை மட்டும் எல்லோரும் துடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆராய்ச்சிக்குரிய பொருளைத் துடைத்துப் போடுவது அறிவுலகுக்கு அழகன்று. ஆகவே இக்கட்டுரை.

இது நுதலிய பொருள் புழுதி. புழுதி என்பது யாதோ எனின், சுவராக இருந்து விடுபட்டு, மறுபடி சுவராவதற்குக் காத்திருக்கும் மண் என்க. ஊரெங்கும் உள்ள புழுதிக்கு இவ்வரையறை பொருந்தாதே என்பாரும் உளர். பொருந்தாதுதான். சிமெண்ட் சுவரிலிருந்து உதிர்வது குப்பை. அதற்கு மறுபிறப்புக் கிடையாது. பல்கேரியக் கிராமத்துப் பழைய வீட்டின் மாடிச் சுவரோ மரச்சட்டங்களுக்கு இடையே பச்சைக்கல் அடுக்கி, மண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசியது. சூளையைக் காணாத, வெயிலில் மட்டும் காய்ந்த கல். தண்ணீர் ஊற்றினால் அது பிறந்த இடத்துக்கே திரும்பிவிடும்.

இந்த உண்மையை முதலில் கண்டவர் நாமே என்று மார்தட்ட வழியில்லை. நோவா ஸகோராவுக்குப் பக்கத்தில் கரனோவோ என்ற ஊரில் ஏறக்குறைய 12 மீட்டர் உயரத்துக்கு ஒரு மேடு நிற்கிறது. 1936-இல் தோண்டத் தொடங்கினார்கள். உள்ளே இருந்ததெல்லாம் வீடு. கி.மு. 6000-க்கும் முன்னால் ஒருவர் மண்வீடு கட்டினார். பழுதானது. இடித்து நிரவி அதன் தலைமேலேயே இன்னொன்று கட்டினார்கள். அதுவும் பழுதானது. அறிஞர்கள் இந்தக் குவியலை ஏழு காலக்கூறுகளாகப் பிரித்து, கரனோவோ ஒன்று, கரனோவோ இரண்டு என்று எண் கொடுத்து, அந்த வட்டாரத்துத் தொல்பழங்காலத்துக்கே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். வீட்டு வேலை பார்த்துக் கை காய்த்தவர் கண்ணுக்கு அதே மேடு வேறு விதமாகத் தெரியும்: ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒருவர்கூட இடிபாட்டை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டவில்லை.

ஸ்தாரா ஸகோராவில் 1968-இல் மருத்துவமனைக் கட்டடத்துக்குத் தோண்டியபோது இரண்டு கற்கால வீடுகள் அகப்பட்டன. அடுப்பும் பானைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. வீடு தீப்பிடித்தபோது மண்சுவர் வெந்து கெட்டியாகிவிட்டதே காரணம். ஏழாயிரம் ஆண்டுக்கு மேலாகப் பூச்சு வேலை கேட்காத மண்வீடுகள் அவை. இம்முறையைப் பரிந்துரைக்க நமக்குத் தயக்கம் உண்டு.

நிற்க. தமிழ் மரபில் எதை ஆராய்ந்தாலும் முதல், கரு, உரி என்று மூன்றாக வகுப்பது வழக்கம், புழுதியும் தப்பவில்லை. முதற்பொருளில் நிலம் என்பது வெலிகோ தர்னோவோவைச் சூழ்ந்த மலையடிவாரமும் தெற்கே திரேசியச் சமவெளியும். அங்கே வீடென்றால் கீழ்த்தளம் கல், ஒருகாலத்தில் ஆட்டுக்கும் திராட்சை மது பீப்பாய்க்கும் உரியது. மேல்தளம் மண், மனிதருக்குரியது. முற்றத்தில் திராட்சைப் பந்தல், ஒரு வால்நட் மரம், கோடி மூலையில் கழிப்பறை, ஒதுக்குப்புறமாகக் கோடைச் சமையலறை. பெரிய வீடு தயாராகும் வரை இந்த ஓரறையில் ஒண்டிக்கொள்ளலாம் என்று குடியேறுகிறவர்கள் அங்கேயே குளிர்காலத்தையும் கழிப்பார்கள். உள்ளூர்க் கிழவர்களும் அப்படித்தான் இருக்கிறார்கள் என்பதைப் பிறகே கவனிப்பார்கள். பெரிய வீடு என்பது விருந்தாளிக்கும் படத்துக்கும்.

பொழுது என்பது மே முதல் அக்டோபர் வரை. ஈரமாகப் பூசிய மண் உறைபனிக்கு முன் காய்ந்தாக வேண்டும். அக்டோபர் 26 திமித்ரோவ்தென், புனித திமித்தரின் நாள். முற்காலத்தில் கூலியாட்களுக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிய நாள் அது. இன்றைக்கும் கட்டடத் தொழிலாளர் திருநாள் அதுதான். உரிப்பொருள் இருத்தலும் இருத்தல் நிமித்தமும். தலைவி யார், தலைவன் யார் என்று விரிக்க வேண்டியதில்லை, வரவேண்டியவர் மேஸ்திரி.

கருப்பொருளில்தான் ஆராய்ச்சி ருசிக்கிறது. சுவரைச் சுரண்டத் தொடங்கினால் முதலில் உதிர்வது சுண்ணாம்புச் செதில். ஆண்டுதோறும் ஒரு பூச்சு என்று ஏற்றியதால், செதிலின் விளிம்பில் வெள்ளை, நீலம், மறுபடி வெள்ளை என்று கோடு ஓடும். அதன் கீழே சில வீடுகளில் செய்தித்தாள். ‘ரபோத்னிச்செஸ்கோ தெலோ’, கம்யூனிஸ்ட் கட்சியின் நாளேடு, 1927 முதல் 1990 வரை வந்தது. சுவரில் ஒட்ட, அலமாரித் தட்டில் விரிக்க, தரைவிரிப்பின் அடியில் போட என்று அது வீட்டுக்குள் நுழைந்த வழிகள் பல. இதை வைத்து அடுக்கின் காலத்தைக் கணித்துவிடலாம் என்று வீட்டுக்காரர் துள்ளிக் குதிப்பார். தாளில் தேதி கிழிந்திருக்கும். படம் மட்டும் முழுசாக இருக்கும். படத்தில் இருப்பவர் தோதோர் ஷிவ்கோவ். அவர் 1954-இல் கட்சித் தலைமைக்கு வந்து 1989 நவம்பர் 10 வரை இருந்தவர். ஆகவே அவர் முகம் கிடைத்தால் அடுக்கின் வயது 35 ஆண்டுக்குள் எங்கோ இருக்கிறது என்று தேறும். மூலையில் எஞ்சிய கால்பந்து முடிவு அதைவிட நம்பத்தக்க சான்று.

தவிர, தாளைப் படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்து வீட்டுக் கிழவரை அழைத்தால் அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு கூட்டுப்பண்ணையின் கோதுமை விளைச்சல் செய்தியை முழுதும் வாசித்து, அது பொய் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு, வீட்டில் காய்ச்சிய ராக்கியா சாராயத்தை எடுத்துவரப் போவார். அன்றைய சுரண்டல் அத்தோடு சரி.

தாளுக்கும் கீழே வைக்கோல் கலந்த பூச்சு, அதற்கும் கீழே கல். இவை சாதுவான புழுதி, தொடையளவுக்கு மேல் எழும்பாது. அஞ்சவேண்டியது பரணில் உள்ளது. பழைய கூரையின் பிறையோடுகள் ஆணியின்றி, பலகைமேல் போட்ட மண்ணில் படுத்திருக்கும். அந்த மண் பலகை இடுக்கு வழியாகத் தலைமுறை தலைமுறையாகப் பரணுக்குச் சலித்து இறங்கியிருக்கும். அதனோடு அடுப்புக்கரி, குளவிக்கூடு, சருகு, மரநாய் எச்சம், மரஎலி கொறித்துப்போட்ட வால்நட் ஓடு. கீழறையின் கூரைப்பலகையை ஒருவர் ஆராய்ச்சி ஆர்வத்தில் நெம்பினால் முந்திய நூற்றாண்டு மொத்தமும் அவர் கழுத்துப்பட்டைக்குள் இறங்கும். இதற்கு நாம் இட்ட பெயர் ‘வான்புழுதி’. இது படிந்தபின் முகம் கழுவக் குழாயைத் திருகினால், சில கோடைகளில் குழாய் இருமும். தண்ணீர் முறைவைத்துத்தான் வரும்.

புழுதியை வெளியேற்ற இயற்பியல் சொல்லும் வழி எளிது. எதிரெதிர் ஜன்னல் இரண்டைத் திறந்தால் காற்று அள்ளிக்கொண்டு போகும். இயற்பியல் பல்கேரியப் பாட்டிகளைக் கணக்கில் எடுக்கவில்லை. குறுக்கே அடிக்கும் காற்று கழுத்தைப் பிடிக்கும், காதைக் கெடுக்கும், இடுப்பை ஒடிக்கும் என்பது அங்கே விவாதத்துக்கு அப்பாற்பட்ட மருத்துவ உண்மை. தக்காளிக் கூடையோடு நுழையும் பக்கத்து வீட்டுப் பாட்டி, கூடையைக் கீழே வைக்கும் முன் ஒரு ஜன்னலைச் சாத்துவார். “இரண்டையும் திறந்துபோட்டுச் சாகப் பார்க்கிறாயா, பெண்ணே?” என்பார். அடுத்து, கல்தரையில் வெறுங்காலோடு நிற்பதைப் பார்ப்பார். செருப்பெங்கே? வீட்டுக்குள் போடும் செருப்பில்லாமல் நிற்பவளுக்கு எந்த நோயும் வரலாம். ஆகவே வாசலில் வெளிச்செருப்பை விட்டு உள்செருப்பை மாட்டிக்கொள்ளும் முறை, தரையே இன்னும் போடாத வீட்டிலும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மண்ணிலிருந்து மண்ணுக்குள் நுழையச் செருப்பு மாற்றிக்கொள்ளும் இந்தச் சடங்கின் தத்துவத்தை விளக்க ஒரு தனி நூல் வேண்டும்.

இனிப் புழுதியின் உரிமையியல். பல்கேரிய அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு வெளிநாட்டவர் நிலம் வைத்திருப்பதைக் கட்டுப்படுத்துகிறது. கட்டடம் வைத்துக்கொள்ளலாம், மனை கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாடு சேர்ந்தது 2007-இல். ஒன்றியக் குடிமக்களுக்கு வீட்டு மனைத் தடை விலகியது 2012-இல். அதற்குமுன் திரளாக வந்து வாங்கிய பிரிட்டிஷ்காரர்கள் கையாண்ட வழி, ஒரு பல்கேரிய நிறுவனத்தைப் பதிவுசெய்து அதன் பெயரில் வாங்குவது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியபின் புதிதாக வருகிறவர்களுக்கும் அதே வழிதான். 2009-இல் இத்தகைய நிறுவனத்துக்கு அன்றைய நாணயத்தில் 2 லெவா முதலீடு போதும் என்று ஆயிற்று. ஒரு கோப்பைக் காப்பி விலையில் முதலாளி.

இதிலிருந்து பெறப்படும் சட்டச் சிக்கலை இதுவரை யாரும் எழுப்பவில்லை. வீடு தனிநபர் பெயரிலும் மனை நிறுவனத்தின் பெயரிலும் இருப்பதாகக் கொள்வோம். சுவரில் ஒட்டியிருக்கும் வரை மண் வீட்டுக்காரருடையது. உதிர்ந்து முற்றத்தில் விழுந்த கணத்தில் நிறுவனத்துடையது. காற்றில் பறக்கும்போது யாருடையது? தோளில் படிந்த புழுதியோடு வீட்டுக்குள் போகிறவர் நிறுவனச் சொத்தைக் கையாடியவராவாரா? அவரே நிர்வாக இயக்குநர் என்பதால் வழக்குத் தொடுக்க வேண்டியவரும் அவரே.

சுவரை உடைக்கும்போது பழங்கயிறு கிடைத்தால் கவனம் தேவை. முன்னாளில் கட்டடம் நிலைக்க வேண்டுமானால் ஓர் உயிர் உள்ளே போகவேண்டும் என்ற நம்பிக்கை பால்கன் முழுக்க இருந்தது. ஆளைப் புதைக்க மனம் வராத கொத்தர்கள், வழிப்போக்கரின் நிழலை அவரறியாமல் கயிற்றால் அளந்து கயிற்றைச் சுவரில் வைத்துக் கட்டிவிடுவார்களாம். நிழலுக்குரியவர் நாற்பது நாளில் இறந்து அந்தக் கட்டடத்தைக் காக்கும் ஆவியாவார் என்பது கதை. பிராத்ஸிகோவோ ஊர்க் கொத்தர்கள் வீட்டுக்காரருக்கு விளங்காதபடி தங்களுக்குள் பேச ஒரு மறைமொழியே வைத்திருந்தார்கள், அல்பேனியச் சொற்கள் விரவியது. இன்றைய மேஸ்திரிக்கு மறைமொழி தேவையில்லை. அவர் பேசும் பல்கேரிய மொழியே வந்தவருக்கு மறைமொழிதான். ஆனாலும் அவர் அளவுநாடாவை நீட்டும்போது வெயிலுக்கு எதிர்ப்புறம் நிற்காமலிருப்பது நல்லது.

வாசற்கதவில் படியும் புழுதி தனி வகை. அது ஒரு தாளின் மேல் படிகிறது. பல்கேரியாவில் இறந்தவரின் படமும் பெயரும் வயதும் அச்சிட்ட தாளைக் கதவிலும் கம்பத்திலும் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஆண்டு நிறைவு என்று புதிது புதிதாக ஒட்டுவார்கள். விற்பனைக்கு வரும் வீட்டின் கதவில் பெரும்பாலும் முந்திய சொந்தக்காரர் இருப்பார். 1985 கணக்கெடுப்பில் அந்நாட்டில் ஏறக்குறைய 90 லட்சம் பேர். 2021-இல் 65 லட்சம். குறைந்தவர்களில் கிராமத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதைக் கதவுகளே சொல்லும். கதவுக்குப் பச்சை வர்ணம் அடிக்க வந்தவர் அந்தத் தாளை என்ன செய்வது என்று தூரிகையோடு நிற்பார். கிழித்தவரைத் தெரு மன்னிக்காது. பிளாஸ்டிக் உறையைத் துடைத்துவிட்டுச் சுற்றிலும் அடிப்பதே முறை.

சிமெண்ட் பற்றி ஒரு வார்த்தை. மண்சுவர் மேல் சிமெண்ட் பூசினால் உறுதி என்று ஒரு கட்சி. பூசினால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் பின்பக்கமாகக் கூழாகிவிடும் என்று மறுகட்சி. இரண்டாவதுதான் சரி. முதல் கட்சிக்கே மேஸ்திரிகள் அதிகம்.

ஆக, முற்றத்தில் குவிந்த மண்ணை என்ன செய்வது? சலிக்க வேண்டும். ஆணி, கண்ணாடிச் சில், சிமெண்ட் கட்டி, ஷிவ்கோவின் காது எல்லாம் சல்லடையில் நிற்கும். விழுந்ததைக் குழியில் போட்டு, தண்ணீர் விட்டு, கோதுமை வைக்கோலை நறுக்கித் தூவி, மிதித்துச் சில நாள் புளிக்கவிட வேண்டும். பிறகு அதே சுவரில் அதே மண்ணைப் பூசலாம். மேற்படி வரையறை இங்கே நிரூபணமாகிறது. எவ்வளவு வைக்கோல் என்பதில் மட்டும் தெருவில் ஒருமித்த கருத்தில்லை. குழியைக் கடந்துபோகும் ஒவ்வொருவரும் குனிந்து பார்த்து, குறைவு என்பார், அல்லது அதிகம் என்பார். சரி என்று சொன்னவரை இன்னும் காணோம்.

செப்டம்பரில் இந்தப் பூச்சு வேலை நின்றுவிடும். சிவப்புக் குடைமிளகாய் மூட்டை மூட்டையாக வந்திறங்க, ஊரே வறுக்க உட்காரும். மேஸ்திரியும் தன் வீட்டில் வறுப்பார். மிளகாய் சுடும் மின்னடுப்பும் காங்கிரீட் கலவை இயந்திரமும் ஒரே பழைய ஒயரில் ஓடினால் ஃபியூஸ் போகும், மிளகாய்க்கே முன்னுரிமை. அந்த நாள்களில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு வாளியோடு வந்தார். அவர் முற்றத்து ரொட்டி அடுப்பு வெடித்திருக்கிறது; புளித்த மண்தான் அதற்கு நல்லது. வாளியை நிறைத்துக் கொடுத்தாயிற்று. மறுவாரம் தக்காளியும் மிளகாயும் அரைத்துக் கிண்டிய லியூத்தெனித்சா ஒரு பெரிய ஜாடி நிறைய வந்தது.

மனையைச் சொந்தமாக வைத்திருக்கும் அந்த நிறுவனம், ஆண்டில் எந்த நடவடிக்கையிலும் ஈடுபடவில்லை என்று வணிகப் பதிவேட்டில் அறிவித்திருக்கிறது. ஒரு வாளி மண் வெளியே போய் ஒரு ஜாடி உள்ளே வந்ததை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கணக்கரைக் கேட்டதற்கு, ஜாடியில் இன்னும் மீதமிருக்கிறதா என்றுதான் அவர் கேட்டார்.