சர்வேயர் சித்தப்பாவுக்கு ஒரு சைக்கிள் கணக்கு

ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

முதலில் ஒன்று: எனக்கு வேலை போகவில்லை. நான் சைக்கிளில் போகும் படத்தைத் தம்பி காட்டியதிலிருந்து நீங்கள் தூங்கவில்லை என்று சித்தி சொன்னார்கள். காரும் இருக்கிறது. சொல்லப்போனால் கார் இல்லாமல் இங்கே சைக்கிள் ஓட்டவே முடியாது. காரின் பின்னால் சைக்கிளை மாட்டி, பெட்ரோல் செலவழித்து மலையடிவாரம் போய், இறக்கி, நாக்குத் தள்ள மேலே மிதித்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே உருண்டு, மறுபடி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். சைக்கிளின் விலையைக் கேட்காதீர்கள். அந்தப் பணத்தில் ராசிபுரத்தில் என்னென்ன வாங்கலாம் என்று நீங்கள் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு வரும்.

ஆனால் இங்கே ஓட்டுவது பெரிய விஷயமில்லை. ஓட்டியதைப் பதிவு செய்வதுதான் விஷயம். பதிவாகாத சவாரி நடக்காத சவாரி. நம் பத்திர ஆபீஸில்கூட இவ்வளவு கறார் கிடையாது.

சனிக்கிழமை காலையில் எங்கள் கோஷ்டி கூடும். மன்னார்குடிக்காரர் ஒருவர், பஞ்சாபி சிங் ஒருவர், யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர், நான். சைக்கிளை இறக்கியதும் ஏறி மிதிப்போம் என்று நினைக்காதீர்கள். கார் நிறுத்துமிடத்தில் ஆளுக்கொரு கருவியைக் கையில் ஏந்தி, மூன்றாம் பிறை பார்ப்பதுபோல் வானத்தைப் பார்த்து நிற்போம். "கிடைத்ததா?" "இரண்டுதான் கிடைத்தது." "எனக்கு ஆறு." வழியையும் தூரத்தையும் பதிவு செய்யும் அந்தக் கருவிக்கு எத்தனை செயற்கைக்கோள் கிடைத்தன என்ற கணக்கு அது.

உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். தெரிந்த புள்ளிகளிலிருந்து தூரம் அளந்து தெரியாத புள்ளியைப் பிடிக்கும் வேலைதான். தாலுகா ஆபீஸில் நீங்கள் செய்ததும் அதுதானே. வித்தியாசம் என்னவென்றால், உங்கள் கல் தரையில் ஊன்றியிருந்தது. இங்கே கல் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், விநாடிக்கு ஏறக்குறைய 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் அணுக்கடிகாரம் இருக்கிறது. நம் கையில் இருப்பது சாதாரணக் கடிகாரம். அந்தப் பிழையையும் சேர்த்துத் தீர்க்க வேண்டியிருப்பதால் மூன்று போதாது, நான்கு செயற்கைக்கோள் வேண்டும். ஐன்ஸ்டைன் சொன்ன திருத்தத்தைப் போடாமல் விட்டால் மேலே இருக்கிற கடிகாரம் நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி முந்திக்கொள்ளுமாம். அது தரையில் சுமார் 10 கிலோமீட்டர் பிழை. நாமக்கல் ஆள் ராசிபுரம் போகும் வழியில் எங்கோ நிற்பார்.

இன்னொன்று கேளுங்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்குக் கிடைத்த சிக்னலை அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கலங்கடித்துத்தான் கொடுத்தது. 100 மீட்டர் வரை தப்பு. அந்தக் காலத்தில் இதை நம்பி எல்லைக்கல் நட்டிருந்தால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு நமக்கு வந்திருக்கும். கிளின்டன் காலத்தில் அதை நிறுத்தினார்கள். இப்போது திறந்த வெளியில் ஒரு போன் சுமார் 5 மீட்டருக்குள் சரியாகச் சொல்லும். திறந்த வெளி என்பதுதான் சிக்கல். நாங்கள் போவதோ ஓக்லண்டில் ஜோவாகின் மில்லர் பார்க் மாதிரி இடங்களுக்கு. கோயில் கொடிமரத்தை அண்ணாந்து பார்க்க வைக்கும் செம்மரங்கள் (நம் கடத்தல் செம்மரம் அல்ல, இது ரெட்வுட்). அவற்றின் அடியில் சிக்னல் அங்குமிங்கும் முட்டி மோதித்தான் வந்து சேரும்.

இதனால் சவாரி முடிந்ததும் தினுசான ஒரு பஞ்சாயத்து நடக்கிறது. நான்கு பேரும் ஒரே பாதையில், ஒருவர் பின்னால் ஒருவர் போனவர்கள். சிங்கின் கருவி 18.6 கிலோமீட்டர் என்கிறது. அண்ணரின் கைக்கடிகாரம் 19.4. மன்னார்குடியின் போன் 20.1. ஏறிய உயரமோ 540 மீட்டரில் ஆரம்பித்து 690 வரை போகிறது. நீங்களாக இருந்தால் செயின்மேனை அழைத்து மறுபடி அளக்கச் சொல்வீர்கள். இங்கே யாரும் அளக்க மாட்டார்கள். அதிகமாகக் காட்டும் கருவிதான் துல்லியமானது என்று அதன் சொந்தக்காரர் மற்ற மூவருக்கும் எடுத்துச் சொல்வார். குறைவாகக் காட்டியவர் அன்று இரவே புதுக் கருவிக்கு ஆர்டர் போடுவார்.

ஏன் இந்த வித்தியாசம் என்று நான் கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன். சில கருவிகள் விநாடிக்கு ஒரு புள்ளி வைக்கும். சில, பேட்டரியை மிச்சம்பிடிக்க, தோன்றும்போது ஒன்று வைக்கும். பாதை வளைந்து வளைந்து ஏறும்போது இரண்டு புள்ளிக்கு நடுவில் இருக்கிற வளைவை அது நேர்க்கோடாக வெட்டிவிடும். தூரம் குறையும். மரத்தடியில் புள்ளி தள்ளாடினாலோ, கோணல்மாணலாகப் போனதாகக் கணக்காகித் தூரம் கூடும். உயரத்தில் இன்னும் கூத்து. செயற்கைக்கோள் வைத்து உயரம் பிடிப்பது பக்கவாட்டில் இடம் பிடிப்பதைவிட மோசம். அதனால் நல்ல கருவிகள் காற்றழுத்தத்தை அளந்து உயரம் சொல்கின்றன. தாழ்வான இடத்தில் ஒரு மில்லிபார் அழுத்தம் மாறினால் 8 மீட்டருக்கு மேல் வித்தியாசம். வானிலை மாறினாலும் அழுத்தம் மாறும் அல்லவா? அண்ணரின் கடிகாரம் வீட்டு மேஜைமேல் கிடந்தபடியே மலையேறிய நாட்கள் உண்டு.

அளப்பது என்றதும் உங்கள் கதைகள்தான் நினைவுக்கு வருகின்றன. செயின்ட் தாமஸ் மலைப் பக்கம் 1802-இல் சர்வேயர் லாம்டன் துரை சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு அடிக்கோடு அளந்த கதையை எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட்டைத் தஞ்சாவூர் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு விட்டுப்போய்க் கருவி மோதி நசுங்க, அவரே உட்கார்ந்து தட்டி நிமிர்த்திய கதையையும்தான். அந்த மனிதர் எங்கள் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

பதிவு எங்கே போகிறது என்பதைச் சொல்லவில்லையே. ஸ்ட்ராவா என்று ஒன்று. 2009-இல் பக்கத்து ஊரான சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆரம்பித்தது. பாதைகளைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் அதிவேகமாகப் போனவர் யார் என்று பட்டியல் போடும். முதலிடத்துக்காரர் தலையில் கிரீடம். அவர்தான் அந்த மலைக்கு ராஜா. நாமக்கல் கோட்டையைப் பிடிக்கக்கூட இவ்வளவு பேர் மோதியிருக்க மாட்டார்கள். ஒரு நாள் மன்னார்குடிக்காரர் பதிவை நிறுத்த மறந்து காரில் ஏறிவிட்டார். வழியில் ஒரு மேட்டுச் சாலைத் துண்டில் நாற்பது மைல் வேகம். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் பார்த்தால் ராஜா ஆகியிருக்கிறார். இரவு முழுக்க ஊரெல்லாம் படம் அனுப்பினார். காலையில் யாரோ பொறாமை பிடித்தவர் புகார்க்கொடி தூக்க, பட்டம் போயிற்று. கொடி தூக்கியது சிங் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

போட்டி இந்தக் கருவிகளோடு வந்தது என்று நினைத்திருந்தேன். அது தப்பு. கோல்டன் கேட் பாலத்துக்கு அப்பால் மரின் கவுண்டியில் ஃபேர்ஃபாக்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே சைக்கிளுக்கு அருங்காட்சியகமே இருக்கிறது. அந்த ஊர்ப் பையன்கள் 1976 அக்டோபரில் பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் தள்ளிக்கொண்டு போய்க் கீழே யார் முதலில் வருவது என்று பந்தயம் வைத்தார்கள். மலைச் சைக்கிள் என்ற சரக்கே அதிலிருந்து வளர்ந்ததுதான். இறங்கி முடிக்கும்போது பின் பிரேக்கில் இருந்த கிரீஸ் எல்லாம் புகையாகப் போயிருக்குமாம். கேரி ஃபிஷர் என்பவர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியது இன்றும் பேசப்படுகிற சாதனை. நேரம் பார்க்க அவர்களிடம் இருந்தது ஒரு கப்பற்படைக் கடிகாரமும் ஒரு அலாரம் கடிகாரமும். மேலே ஒன்று, கீழே ஒன்று.

அதே மரினில் இன்று மலைப்பாதையில் சைக்கிளுக்கு வேக வரம்பு மணிக்கு 15 மைல். கண்மறைவான வளைவில் 5 மைல். ரேடார் துப்பாக்கி வைத்துப் பிடிக்கிறார்கள். ஆகவே அங்கே ஒருவர் கிரீடம் வாங்கினால், அந்தச் சாதனைப் பட்டியலே அவருடைய ஒப்புதல் வாக்குமூலம், தேதியோடு, நேரத்தோடு. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான் சித்தப்பா. குற்றவாளி தானே அளந்து, தானே கையெழுத்துப் போட்டு, லைக் வேறு கேட்கிறான்.

தம்பிக்குக் கருவி வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். யூடியூபில் எவனோ காட்டினானாம், கொல்லிமலைக்கு அதில்லாமல் போக முடியாதாம். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. வழி தவறவே முடியாது. இருந்தாலும் காட்டுப் பாதையில் நுழையும் ஆசை அவனுக்கு இருக்கிறது, எனக்குத் தெரியும். அதற்கு இப்போதைக்கு அவனுடைய போனே போதும். டவர் இல்லாத இடத்திலும் இடம் காட்டும் வேலை நடக்கும், அது வானத்திலிருந்து வருவது. வரைபடம்தான் வராது. அதனால் வீட்டிலேயே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளட்டும். பனிமூட்டத்தில், மூன்றாகப் பிரியும் பாதையில், எங்கள் நான்கு பேரையும் இருட்டுவதற்குள் காரிடம் கொண்டுவந்து சேர்த்தது அந்த வரைபடம்தான். அன்று தூரத்தைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை.

விழுந்தால் வீட்டுக்குத் தகவல் அனுப்பும் வசதி அவனுக்கு வேண்டவே வேண்டாம். காட்டு வான்கோழி குறுக்கே வந்ததென்று அண்ணர் சடாரென்று பிரேக் போட, கருவி அதை விபத்து என்று முடிவு கட்டி அவர் வீட்டுக்குச் செய்தி அனுப்பிவிட்டது. அவர் வான்கோழியைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அங்கே வீட்டில் அழுகை. சித்தியின் உடம்புக்கு இது ஆகாது.

இன்னொன்று, அவன் போடும் பதிவில் வீட்டைச் சுற்றிய பகுதியை மறைக்கச் சொல்லுங்கள். 2018-இல் இந்த ஸ்ட்ராவாக்காரர்கள் வெளியிட்டிருந்த உலக வரைபடத்தை ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் நோண்ட, பாலைவனத்தில் ஓட்டப்பயிற்சி செய்த சிப்பாய்களின் தடத்தை வைத்து ராணுவ முகாம்களே தெரிந்துபோயின. விலையுயர்ந்த சைக்கிள் எந்த வீட்டிலிருந்து கிளம்பி எந்த வீட்டுக்குத் திரும்புகிறது என்று திருடனுக்குத் தெரிய எவ்வளவு நேரம்?

ஒரு வருஷம் ஓட்டட்டும். பிறகும் ஆசை இருந்தால் தை மாதம் வரும்போது கருவியை நானே கொண்டுவருகிறேன். அதுவரை அந்தக் காசில் நல்ல ஹெல்மெட்டும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். இறக்கத்தில் மட்டும் பதிவை அணைத்துவிடச் சொல்லுங்கள், நான் சொன்னேன் என்று.

அன்புடன்,
உங்கள் பெரியவன்